பற்ற வைத்தால் நிறுத்த முடியாது: ராக்கெட்டின் திட எரிபொருள் எப்படி எரிகிறது?

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.59 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி61 கிளம்பியது. 1,696 கிலோ எடையுள்ள இஓஎஸ்-09 புவி கண்காணிப்பு செயற்கைக்கோள் உள்ளே இருந்தது. முதல் நிலை ஓகே. இரண்டாம் நிலை ஓகே. மூன்றாம் நிலையும் பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு திரையில் ஓடிய கோடு, போக வேண்டிய பாதையை விட்டு விலக ஆரம்பித்தது.

சிறிது நேரத்தில் மைக் முன்னால் வந்த இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் சொன்ன காரணம் ஒரே வரிதான். மூன்றாம் நிலை மோட்டாரின் அறை அழுத்தம் குறைந்தது, அதனால் திட்டத்தை நிறைவேற்ற முடியவில்லை.

1993 முதல் பறக்கும் பிஎஸ்எல்விக்கு அது 63-வது பயணம். அடுத்ததாக 2026 ஜனவரி 12 அன்று கிளம்பிய சி62-ம் அதே மூன்றாம் நிலையின் கடைசிக் கட்டத்தில்தான் தடுமாறியது. அடுத்தடுத்து இரண்டு இழப்பு, இரண்டும் மூன்றாம் நிலையில். அந்த மூன்றாம் நிலை திட எரிபொருளில் ஓடுவது.

அறை அழுத்தம் என்றால் என்ன? அது குறைந்தால் ஏன் ஒரு செயற்கைக்கோளே போய்விடுகிறது? இதைப் புரிந்துகொள்ள ராக்கெட் சயின்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. குக்கர் தெரிந்தால் போதும். கோவைக்காரராக இருந்து, ஃபவுண்டரி பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் இன்னும் சுலபம்.

உள்ளே இருப்பது ஒரு வகை ரப்பர்

தீபாவளி ராக்கெட்டில் இருப்பது கரிமருந்துத் தூள். பிஎஸ்எல்வியில் இருப்பது தூள் இல்லை. தொட்டால் கெட்டியான அழிரப்பர் மாதிரி இருக்கும் ஒரு பெரிய கட்டி.

அதில் முக்கியமாக மூன்று பொருட்கள். எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அம்மோனியம் பெர்குளோரேட் என்ற வெள்ளை உப்பு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை இதுதான் கொடுக்கிறது. காற்றே இல்லாத இடத்திலும் ராக்கெட் எரிவது இதனால்தான். அடுத்து, ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அலுமினியப் பொடி. மீதி, எச்டிபிபி என்ற ரப்பர் வகைப் பசை. இந்தப் பசை எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்துவைக்கும், தானும் எரிபொருளாக எரியும். ஒரே ஆள் இரண்டு வேலை.

அந்த வெள்ளை உப்பைத் தயாரிக்கும் இஸ்ரோவின் ஆலை கேரளத்தின் ஆலுவாவில் இருக்கிறது. சேலத்தில் தொடங்கி பெருந்துறை, அவிநாசி, கோவை எல் அண்ட் டி பைபாஸ், பாலக்காடு வழியாகக் கொச்சி போகும் 544-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அப்படியே போய்க்கொண்டிருந்தால் ஆலுவா வந்துவிடும்.

தயாரிப்பு முறை கோவைக்கு இன்னும் பழக்கமானது. உப்பு, அலுமினியம், பசை எல்லாவற்றையும் சேர்த்து கெட்டியான மாவு பதத்துக்குக் கலக்குகிறார்கள். இதற்காக 10 டன் கொள்ளளவு கொண்ட செங்குத்து மிக்ஸர் ஒன்றை, பெங்களூருவில் உள்ள மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனத்துடன் சேர்ந்து இஸ்ரோ உருவாக்கி, 2025 பிப்ரவரியில் காட்டியது. புவிசார் குறியீடு வாங்கிய கோவை வெட் கிரைண்டரின் மிக மிகப் பெரிய, மிக மிக ஆபத்தான பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம், இது ஓடும்போது பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். எல்லாம் தொலைவிலிருந்து ரிமோட்டில்தான்.

கலந்த மாவை மோட்டாரின் உறைக்குள் வெற்றிடத்தில் ஊற்றி, இளஞ்சூட்டில் நாள்கணக்கில் இறுக விடுகிறார்கள். நடுவில் ஒரு 'கோர்' நிற்கும். இறுகிய பிறகு அதை உருவினால் நீளவாக்கில் ஒரு குழி கிடைக்கும். அரசூரிலும் கணபதியிலும் பம்ப் பாடி வார்ப்பவர்களுக்கு இதில் ஒரு வார்த்தைகூடப் புதிதாக இருக்காது. கோர், வார்ப்பு, ப்ளோ ஹோல், எக்ஸ்ரே சோதனை எல்லாம் இங்கேயும் உண்டு. இட்லி மாவில் குமிழ் இருந்தால் சந்தோஷம். இந்த மாவில் ஒரு குமிழ் தங்கினால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

எரிவது மேல்தோல் மட்டும்

பலர் நினைப்பது போல இது வெடிப்பதில்லை. சரியாகச் செய்தால் மிக ஒழுங்காக, தோல் உரிவது போல எரியும்.

மேற்பரப்பில் இருக்கும் உப்புத் துகள்களும் பசையும் சூட்டில் சிதைந்து வாயுவாகின்றன. அந்த வாயுக்கள் மேற்பரப்பை ஒட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்திலேயே கலந்து எரிகின்றன. அந்தச் சுடரின் வெப்பம் திரும்பி வந்து அடுத்த அடுக்கைச் சூடாக்குகிறது. அது வாயுவாகிறது, எரிகிறது, அதற்கடுத்த அடுக்கைச் சூடாக்குகிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் சுடருக்கு ஒரு விரல்கடை உள்ளே இருக்கும் பகுதிக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. தன் முறை வரும்வரை அது சாதாரண ரூம் டெம்பரேச்சரில் சும்மா இருக்கும்.

அலுமினியம் மட்டும் கொஞ்சம் லேட். அதன் துகள்கள் மேற்பரப்பில் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு உருண்டைகளாகி, வாயுவோடு அடித்துச் செல்லப்பட்டு, தள்ளிப் போய் எரியும். சுடரின் வெப்பநிலையை 3,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுபோவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஏவுதலின்போது நாம் பார்க்கும் அடர்ந்த வெள்ளைப் புகையில் பெரும்பகுதி எரிந்த அலுமினியம்தான், அதாவது அலுமினியம் ஆக்சைடு.

வேகம் எவ்வளவு? பெரிய மோட்டார்களில் நொடிக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை. கேட்டால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். சந்திரயான்-3-ஐத் தூக்கிய எல்விஎம்3 ராக்கெட்டின் எஸ்200 பூஸ்டரை எடுத்துக்கொள்வோம். விட்டம் 3.2 மீட்டர். உள்ளே சுமார் 205 டன் எரிபொருள். எல்லாம் தீர ஏறக்குறைய 130 நொடி. நொடிக்கு 8 மில்லிமீட்டர் என்றாலும் அந்த நேரத்துக்குள் ஒரு மீட்டர் கனம் கரைந்துவிடும். எடைக்கணக்கில் பார்த்தால் நொடிக்கு ஒன்றரை டன். இரண்டு குட்டியானை வண்டி லோடு, ஒவ்வொரு நொடியும், ஒரு பூஸ்டரில் மட்டும். எல்விஎம்3-ல் அப்படி இரண்டு.

இந்த வேகத்தை முன்கூட்டியே டியூன் செய்யலாம். உப்புத் துகளைச் சன்னமாக அரைத்தால் வேகம் கூடும், பருமனாக விட்டால் குறையும். இரும்பு ஆக்சைடு மாதிரி சில பொருட்களைத் துளி சேர்த்தாலும் வேகம் கூடும். ஆனால் இதெல்லாம் மாவு கலக்கும்போதே முடிவாகிவிடும். பற்ற வைத்த பிறகு யாராலும் எதையும் திருப்ப முடியாது. வாலில் குழாய் கிடையாது, வால்வு கிடையாது, ஆக்சிலரேட்டரும் கிடையாது.

குக்கருக்குள்ளேயே அடுப்பு

இப்போது அழுத்தத்துக்கு வருவோம். மொத்தக் கதையின் முடிச்சும் இங்கேதான்.

குக்கரில் அடுப்பு வெளியே இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினாலும் அடுப்பின் தீ கூடாது. திட ராக்கெட் மோட்டாரில் அடுப்பே குக்கருக்குள் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் வாயு நெருக்கமாகும், சுடர் மேற்பரப்பை இன்னும் ஒட்டி வரும், அடுத்த அடுக்கு வேகமாகச் சூடாகும், எரிதல் வேகம் கூடும். வேகம் கூடினால் வாயு கூடும், வாயு கூடினால் மறுபடி அழுத்தம் ஏறும்.

அப்படியென்றால் ஏறிக்கொண்டே போய் வெடிக்க வேண்டாமா? வெடிக்காது. ஏனென்றால் பின்பக்கம் நாசில் திறந்திருக்கிறது. அழுத்தம் இரண்டு மடங்கானால் நாசில் வழியே வெளியேறும் வாயுவும் இரண்டு மடங்காகும். ஆனால் நல்ல எரிபொருளில் எரியும் வேகம் இரண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம்தான் கூடும். வரவைவிடச் செலவு வேகமாகக் கூடுவதால் அழுத்தம் ஓர் இடத்தில் நின்றுவிடும்.

'கொஞ்சம்' என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. அழுத்த அடுக்கு என்று சொல்லலாம். பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியே 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சொன்ன விதியில் வருவது இது. எரியும் வேகம், அழுத்தத்தின் ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு ஏற்ப மாறும். இன்றைய ராக்கெட் எரிபொருட்களில் அந்த எண் பொதுவாக 0.3 முதல் 0.5 வரை. அது 1-ஐத் தொட்டால் கதை முடிந்தது.

ஒரு சின்னக் கணக்கு. ஏதோ காரணத்தால் எரியும் பரப்பளவு 10% கூடுகிறது. அடுக்கு 0.4 என்றால் அழுத்தம் சுமார் 17% ஏறி நிற்கும். சமாளித்துக்கொள்ளலாம். அடுக்கு 0.8 என்றால் அதே 10% தவறுக்கு அழுத்தம் 61% ஏறும். 0.9 என்றால் இரண்டரை மடங்கு! அந்த உறை தாங்குமா?

இதைத் தெரியாமலேயே இதன் பலனை அனுபவித்த ஒரு படை நம் பக்கத்தில் இருந்தது. 1799 வரை கோவை உள்ளிட்ட கொங்குப் பகுதி மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளின் ராக்கெட்டுகளில் காகிதக் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாய். இரும்பு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும், மருந்தையும் இறுக்கி அடைக்கலாம். அழுத்தம் கூடினால் அதே கரிமருந்து வேகமாக எரியும், வாயு இன்னும் வேகமாகப் பீய்ச்சும், ராக்கெட் கூடுதல் தூரம் போகும். 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூர் போரில் ஆங்கிலேயப் படை அதை நேரில் பார்த்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போய், வில்லியம் காங்க்ரீவின் ராக்கெட்டுகளுக்கு முன்மாதிரி ஆனது தனிக்கதை.

அழுத்தம் விழுந்தால்?

மேலே சொன்ன சுழற்சி தலைகீழாகவும் வேலை செய்யும். வாயு வெளியேறும் வழி எங்காவது அகலமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் குறையும். குறைந்தால் எரியும் வேகம் குறையும். அதனால் வாயு குறைந்து, அழுத்தம் இன்னும் இறங்கும். அதே 0.4 கணக்கில், வழி 10% அகலமானால் அழுத்தம் சுமார் 15% சரியும்.

சி61-ல் நடந்தது இதுதான் என்று இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பொதுவாக இந்த வகை மோட்டாரில் அழுத்தம் விழ வாய்ப்புள்ள வழிகள் குறைவு. நாசில் தொண்டை அரித்து அகலமாகலாம். உறையின் உட்பக்க வெப்பக் காப்பு விட்டுப்போய், 3,000 டிகிரி வாயு உறையையே தின்னலாம். இணைப்பு எதுவும் கசியலாம். பிஎஸ்எல்வியின் மூன்றாம் நிலை உறை எஃகு இல்லை, எடை குறைய வேண்டும் என்பதற்காகக் கெவ்லார் இழையால் சுற்றப்பட்டது. உள்ளே காப்பு சரியாக ஒட்டியிருக்கும் வரைதான் அதற்குப் பாதுகாப்பு.

கசிவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு உலகம் மறக்காத உதாரணம் சேலஞ்சர். 1986 ஜனவரி 28, குளிர்ந்த காலை. திட பூஸ்டரின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, வாயுவுக்கு வழிவிட்டது. 73 நொடி. 7 விண்வெளி வீரர்கள்.

அழுத்தம் ஏறும் பக்கத்து ஆபத்து வேறு மாதிரி. எரிபொருள் கட்டிக்குள் ஒரு விரிசலோ குமிழோ இருந்தால், தீ அங்கே வரும்போது உள்ளே புகுந்து அதன் சுவர்களும் எரிய ஆரம்பிக்கும். எரியும் பரப்பளவு திடீரென்று கூடும். மேலே பார்த்த 10% கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஃபவுண்டரியில் ப்ளோ ஹோல் வந்தால் அந்தப் பீஸ் ரிஜெக்ட், மறுபடி உருக்கி ஊற்றலாம். இங்கே அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் ராக்கெட்டே ரிஜெக்ட். அதனால்தான் வார்த்த ஒவ்வொரு கட்டியையும் எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள்.

பற்றவே பற்றாத கேஸும் உண்டு. 1987 மார்ச் 24, ஏஎஸ்எல்வியின் முதல் பயணம். பக்கவாட்டு பூஸ்டர்கள் எரிந்து முடிந்தன. அடுத்துப் பற்ற வேண்டிய திட எரிபொருள் முதல் நிலை பற்றவில்லை. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

பறப்பதற்கு முன்பே நடந்ததும் உண்டு. 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் திட எரிபொருள் ஆலையில் ஏற்பட்ட தீயில் 6 பேர் உயிரிழந்தனர். யூடியூப் பார்த்து வீட்டு மொட்டை மாடியில் ராக்கெட் எரிபொருள் 'ட்ரை' பண்ணும் தம்பிகள் இந்த ஒரு வரியை மட்டுமாவது இரண்டு முறை படிக்கலாம். அத்தனை பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ள இடத்தில் நடந்தது அது. வெடிபொருள் சட்டம் 1884-லிருந்து இருக்கிறது என்பது தனி விஷயம்.

குழியின் வடிவம்தான் புரோகிராம்

வால்வு இல்லாமல் உந்துவிசையைக் கூட்டிக் குறைப்பது எப்படி? நடுவில் இருக்கும் அந்தக் குழியின் வடிவத்தால்.

வட்டக் குழி என்றால் எரிய எரிய அது அகலமாகும், எரியும் பரப்பளவு கூடும், உந்துவிசையும் கூடும். நட்சத்திர வடிவக் குழி என்றால் ஆரம்பத்திலேயே பரப்பளவு அதிகம். முனைகள் கரையக் கரைய அது வட்டத்தை நோக்கிப் போகும். அதனால் விசையை ஏறக்குறைய சீராக வைக்கலாம், அல்லது முதலில் அதிகமாக்கிப் பிறகு இறக்கலாம். எஸ்200-ல் மூன்று துண்டுகள். தலைப்பகுதித் துண்டில் நட்சத்திரக் குழி, மற்றவற்றில் வேறு. ராக்கெட் அடர்த்தியான காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் நேரத்தில் விசை கொஞ்சம் தணிய வேண்டும் என்ற கட்டளையும் அந்த வடிவத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. கோடு எழுதி, கம்பைல் செய்து, ரிலீஸ் ஆன பிறகு பேட்ச் போட முடியாத சாஃப்ட்வேர் என்று ஐடி நண்பர்கள் புரிந்துகொள்ளலாம்.

நிறுத்தவே முடியாதா என்றால், ஒரு வழி இருக்கிறது. அழுத்தத்தைப் படீரென்று விழச் செய்தால் சுடர் மேற்பரப்பை விட்டு விலகி அணைந்துவிடும். அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணையின் மூன்றாம் நிலையில், தேவையான வேகம் வந்ததும் விசையை நிறுத்த முன்பக்கம் துளைகள் திறக்கும். செயற்கைக்கோள் ராக்கெட்டுகளில் அந்த வம்பு வேண்டாம் என்று, கடைசித் துல்லியத்தைத் திரவ எரிபொருளிடம் விட்டுவிடுகிறார்கள். பிஎஸ்எல்வியின் நான்காம் நிலை அப்படித்தான்.

ஏனுங்க, இதுக்கும் சூலூருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. தலைக்கு மேல் பறக்கிறது.

2020 மே 27 அன்று சூலூர் விமானப்படைத் தளத்தில் 18-வது படைப்பிரிவு தேஜஸ் விமானங்களுடன் செயல்பாட்டுக்கு வந்தது. தேஜஸிலிருந்து அஸ்திரா என்ற உள்நாட்டு வான்வழி ஏவுகணையை 2023 ஆகஸ்ட் 23 அன்று கோவா கடற்பகுதியில் சுமார் 20,000 அடி உயரத்தில் ஏவிச் சோதித்தார்கள். 2025 மார்ச்சில் ஒடிசாவின் சாந்திப்பூரில் இன்னொரு சோதனை. அஸ்திராவும் திட எரிபொருள்தான்.

செயற்கைக்கோள் ராக்கெட்டுக்கு இல்லாத ஒரு தலைவலி இங்கே உண்டு. மே மாதக் கொங்கு வெயிலில் நிற்கும் விமானத்தின் இறக்கையில் தொங்கும் ஏவுகணை 35 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். 20,000 அடியில் வெளிக்காற்று மைனஸ் 25 டிகிரி அளவில் இருக்கும். அறுபது டிகிரி வித்தியாசம். எரிபொருளின் ஆரம்ப வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் எரியும் வேகம் பொதுவாக 0.1 முதல் 0.3% வரை மாறும். 0.2 என்றே வைத்தாலும் மொத்தம் 12%. அதற்கு மேல் அழுத்தச் சுழற்சி வேறு இருக்கிறது. சூட்டிலும் வெடிக்கக் கூடாது, குளிரிலும் சோம்பக் கூடாது.

இன்னொன்று புகை. அலுமினியம் போட்டால் வெள்ளைக் கோடு வானத்தில் எழுதிக் காட்டிவிடும், எதிரி விமானிக்கு முகவரி கொடுத்த மாதிரி. அதனால் இதில் புகையில்லா எரிபொருள். ஆனால் அலுமினியத்தை எடுத்தால் வேறொரு சிக்கல் வரும். மோட்டாரின் உட்குழி நாதஸ்வரக் குழல் போல ஒலி அலைகளை எழுப்பக்கூடியது. சுடரும் அந்த அலைகளும் ஒத்து ஆட ஆரம்பித்தால் அழுத்தம் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கும். அலுமினியம் ஆக்சைடு துகள்கள் அந்த ஆட்டத்தை உறிஞ்சித் தணிக்கும். துகள் இல்லையென்றால் தணிக்க ஆள் இல்லை. குழியின் வடிவத்தையும் உப்புத் துகளின் அளவையும் மாற்றித்தான் சமாளிக்க வேண்டும்.

அடுத்து குலசை

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து பறக்கப்போவது எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட். அதில் மூன்று நிலைகளும் திட எரிபொருள். முதல் நிலையில் மட்டும் 87 டன். உச்சியில் ஒரு சின்னத் திரவ எரிபொருள் அமைப்பு, கடைசித் திருத்தத்துக்கு. எரிபொருள் நிரப்பக் காத்திருக்க வேண்டாம், தேவை வந்தால் சில நாட்களில் தயார் செய்து ஏவலாம் என்பதுதான் இதன் பிளஸ் பாயின்ட். குலசையிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதும் இல்லை.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் கோவை, சேலம், ஓசூர் மூன்றும் மாநிலத்தின் மேற்கே இருப்பவை. எரிபொருள் வார்ப்பதை இஸ்ரோ தன் ஆலைகளில் செய்தாலும், அதைச் சுற்றியுள்ள அச்சுகள், நாசில் பாகங்கள், கருவிகள், சோதனை ஏற்பாடுகள் எல்லாம் துல்லியமான மெஷினிங் வேலைகள். பம்பும் கிரைண்டரும் செய்து பழகிய ஊருக்கு இதில் மாறுவது டாலரன்ஸ். ஒரு பம்ப் கசிந்தால் சர்வீஸுக்கு ஆள் அனுப்பலாம். பிஎஸ்எல்வியின் மூன்றாம் நிலை பற்றும்போது அது தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.